டன்விச்: கடல் விழுங்கியதா, மணல் அடைத்ததா?

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் வட்டாரத்தில் டன்விச் என்றொரு சிற்றூர் உள்ளது. இன்று அங்கு இருநூறு பேர்கூட இல்லை. இடைக்காலத்திலோ அது கப்பல்கள் வந்துபோன பெரிய துறைமுக நகரம். அந்நகரின் பெரும்பகுதி இப்போது கடலுக்கடியில் கிடக்கிறது.

நகரம் அப்படியே மூழ்கிவிட்டதாகப் பலர் நினைக்கலாம். உண்மையில் அது விளிம்பிலிருந்து சிறிது சிறிதாகச் சரிந்தது. டன்விச் கரையோரக் குன்று இறுகாத மணலும் கூழாங்கற்களும் கொண்டது. புயல் அலைகள் குன்றின் அடிப்பாகத்தை அரிக்கும்போது, தாங்கிப்பிடிக்க எதுவுமின்றி மேற்பகுதி சரிகிறது. விழுந்த மண்ணை அலைகள் அள்ளிச்செல்ல, மீண்டும் அடிப்பாகம் அரிக்கப்படுகிறது. ஒரு தட்டில் ஈரமணலைக் குவித்து, அதன் அடியில் மட்டும் நீரை மெல்ல மோதவிடுங்கள். இதே சரிவைக் காண்பீர்கள்.

அப்படியென்றால் கடலரிப்பு மட்டும்தான் நகரின் வீழ்ச்சிக்குக் காரணமா? 1086ஆம் ஆண்டின் நிலக்கணக்கு ஏட்டைப் பாருங்கள். முன்பு அங்கே இரண்டு ஏர் நிலம் இருந்ததாகவும், அதில் ஒன்றைக் கடல் கொண்டுபோனதாகவும் அது கூறுகிறது. ஓர் ஏர் நிலம் என்பது ஓர் உழவுக் குழு ஓராண்டில் உழக்கூடிய அளவு. அதே ஏட்டில் தேவாலயங்கள் ஒன்றிலிருந்து மூன்றாகியுள்ளன! நிலம் குறைந்தபோதும் ஊர் வளர்ந்திருக்கிறது. அதை வளர்த்தது ஆற்று முகத்துவாரத்தில் இருந்த துறைமுகம்.

அந்தத் துறைமுகத்துக்கு ஆபத்து வேறு வழியில் வந்தது. சாய்வாக மோதும் அலைகள் மணலையும் கூழாங்கற்களையும் கரையோரமாகவே நகர்த்தும். இங்கு அவை வடக்கிலிருந்து தெற்காக நகர்ந்து, துறைமுக வாயிலின் குறுக்கே நீண்ட திட்டாகப் படிந்தன. 1328ஆம் ஆண்டுப் புயல் அத்திட்டைத் தள்ளி வாயிலை அடைத்தது. ஆறு வடக்கே வேறு வழி கண்டது. வணிகமும் அப்பக்கம் நகர்ந்தது. வருமானம் குறைந்த ஊரில் மக்கள் குறைந்தார்கள். கடலோ நிற்கவில்லை. பழைய தேவாலயங்களில் கடைசியாக நின்ற ஆல் செயின்ட்ஸ் 1904இல் குன்றின் விளிம்பைத் தொட்டது. 1919க்குள் அதன் கோபுரமும் விழுந்தது.

அலைகளுக்கடியில் இன்னும் கோயில் மணி ஒலிப்பதாக உள்ளூர்க் கதை உண்டு. கலங்கிய அக்கடலில் கண்ணால் தேடுவது கடினம். எனவே சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒலியலைகளைச் செலுத்தி, எதிரொலியைக் கொண்டு கடலடியைப் படம்பிடித்தனர். தேவாலயங்களின் சிதைந்த கற்குவியல்கள் தெரிந்தன. மணி தொங்கும் கோபுரம் எதுவும் அங்கே நிற்கவில்லை.

மாணவர்களே, அரிப்பையும் படிவையும் பாடநூலில் தனித்தனியாகப் படிக்கிறோம். கடற்கரையில் இரண்டையும் செய்வது ஒரே அலைதான். ஓரிடத்தில் தடுப்புச் சுவர் கட்டி அரிப்பை நிறுத்தினால், அங்கிருந்து மணல் பெற்றுவந்த அண்டைக் கடற்கரை மெலியக்கூடும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது கிளந்தான், திரங்கானு கரைகளில் கடலரிப்பு என்ற செய்தியைப் படித்தால், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அந்த மணல் எங்கே போகிறது? அது போய்ச்சேரும் இடத்தில் எந்த ஆற்றின் வாய் அடைபடும்?