5-இன் வர்க்கம் 11?

5-இன் வர்க்கம் 25 என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் 'சி' மொழிப் புரோகிராம் ஒன்று அதை 11 என்றும் கூறக்கூடும்! கணிப்பொறிக்குப் பெருக்கத் தெரியாததல்ல காரணம்.

நாம் எழுதும் புரோகிராமை எந்திர மொழிக்கு மாற்றுவது கம்பைலர். அவ்வாறு மாற்றுமுன், சில பகுதிகளைத் தானாகவே விரித்து எழுதும்படி கட்டளையிடலாம். அக்கட்டளைக்கு 'மேக்ரோ' என்று பெயர். "வர்க்கம்(அ) என்று கண்ட இடத்திலெல்லாம் அ × அ என எழுதுக" என்பது ஒரு மேக்ரோ. வர்க்கம்(5) எனில் 5 × 5. சரிதான். வர்க்கம்(2 + 3) எனில்? சி மொழியின் மேக்ரோ, பொருளைப் பாராமல் குறிகளை அப்படியே பெயர்த்து வைக்கும்: 2 + 3 × 2 + 3. பெருக்கலை முதலில் செய்தால் விடை 11! கம்பைலரோ பிழையென்று ஒரு சொல்லும் சொல்லாது. ((அ) × (அ)) என அடைப்புக்குறிகள் இட்டுத் தப்பலாம். வெளி அடைப்பு எதற்கு? அது இல்லாமல் 100 ÷ வர்க்கம்(5) என்பதை விரித்து, இடமிருந்து வலமாகக் கணக்கிட்டுப் பாருங்கள்.

1963-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டிமதி ஹார்ட் என்பவர் 'லிஸ்ப்' மொழிக்கு மேக்ரோக்களை முன்மொழிந்தார். அங்கே மேக்ரோவிடம் வருவது வெறும் குறிகளின் வரிசையன்று. மரம்போல் கிளைத்த அமைப்பு. அதில் 2 + 3 என்பது ஒரே கிளை. பெருக்கலின் இருபுறமும் அதை ஒட்டினாலும் அது பிரியாது, விடை 25.

எனினும் இருமுறை ஒட்டிய கிளையின் வேலையும் இருமுறை நடக்கும். "வெப்பமானியைப் படி" என்பது அக்கிளையானால்? இரு வேறு அளவுகள் பெருக்கப்படலாம்! எனவே அளவை முதலில் ஒரு பெயரில் வாங்கி வைத்து, அப்பெயரையே இருமுறை எழுதுமாறு மேக்ரோவை அமைக்க வேண்டும்.