உங்களுக்குத் தெரியுமா? ஆசிரியை தொடுத்த வழக்கு

கையில் பணி நியமனக் கடிதத்தோடு குஜராத்துக்குப் போனார் ஒரு திருநங்கை ஆசிரியை. அவருடைய பாலினம் தெரிந்ததும் பள்ளி வேலை தர மறுத்துவிட்டது. உத்தரப் பிரதேசத்துத் தனியார் பள்ளி ஒன்றிலும் சேர்ந்த சில நாட்களிலேயே அவர் வேலை இழந்திருந்தார்.

உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்.

2025 அக்டோபர் 17 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. சம வாய்ப்புக் கொள்கையை வகுக்க, ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழுவும் அமைத்தது.

வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் திருநர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு விதித்திருந்தது. புகார்களைக் கேட்க ஒவ்வொரு நிறுவனத்திலும் ஓர் அலுவலர் வேண்டும் என்றது 11-ஆவது பிரிவு. அரசுப் பள்ளிகளுக்கும் கார் தொழிற்சாலைகளுக்கும் பொதுவாக எழுதப்பட்ட விதிகள் இவை.