பழவேற்காட்டுப் பாதிரியாரும் பத்மநாபரும்

திருத்தணி, மணவூர் பக்கம் மலையும் வயலுமாக இருக்கும் திருவள்ளூர் மாவட்டம், கிழக்கே பழவேற்காட்டில் கடலைத் தொடுகிறது. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இன்று அந்த ஊருக்குப் போகிறவர்கள் ஏரியையும், வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டு, இறால் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சமஸ்கிருதக் கவிதை ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியதற்கு வித்திட்டதும் இந்த ஊர்தான். அந்தப் பெருமையை ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற டச்சுப் பாதிரியாருக்குக் கொடுப்பது வழக்கம். அதில் பாதி பத்மநாபர் என்ற பிராமணருக்குச் சேர வேண்டும் என்பது என் கட்சி.

லெய்டனில் படித்த ரோஜேரியஸ், 1630களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியாராகப் பழவேற்காடு வந்து சுமார் பத்தாண்டு இருந்தார். பிறகு பத்தாவியா; 1647இல் தாயகம்; 1649இல் மரணம். பிராமணர்களின் வாழ்க்கையையும் வழிபாட்டையும் விவரிக்கும் அவருடைய நூல் 1651இல் லெய்டனில் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. 'மறைந்து கிடந்த புறச்சமயத்துக்குத் திறந்த கதவு' என்பது போன்ற தலைப்பு. அந்நூலில்தான் சமஸ்கிருதக் கவிஞர் பர்த்ருஹரியின் நீதி சதகமும் வைராக்கிய சதகமும் டச்சு உரைநடையில் இருக்கின்றன. வில்கின்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பகவத் கீதை வர இன்னும் 134 ஆண்டுகள் இருந்தன.

சமஸ்கிருதம் அறியாத ரோஜேரியஸை மொழிபெயர்ப்பாளர் என்பதா என்று கேட்கலாம். பத்மநாபர் போர்த்துகீசிய மொழியில் பொருள் சொல்ல, இவர் டச்சில் எழுதினார். செய்யுளின் ஓசை போய்விட்டது, உண்மைதான். ஆனால் ஆசிரியர் பாட்டைச் சொல்லிப் பொழிப்புரை தருவதும் மாணவர் அதை எழுதிக்கொள்வதும் நமக்குப் புதிதல்லவே! பத்மநாபர் வெறும் வாய்க்காலாகவும் இருக்கவில்லை. பர்த்ருஹரியின் மூன்றாவது சதகமான சிருங்காரம் இந்நூலில் இல்லை. அதை மொழிபெயர்த்துத் தர அவருக்கு மனம் வரவில்லை. எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்தவரைத் தகவல் சொன்ன ஆள் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

வேறொரு மறுப்பு இன்னும் கனமானது. துணியோடு அடிமைகளையும் கப்பலேற்றிய கம்பெனியின் ஊழியர் ரோஜேரியஸ். புறச்சமயம் என்ற சொல்லே அவர் நின்ற இடத்தைக் காட்டிவிடுகிறது. மறுப்பதற்கில்லை. ஆயினும் தமக்குச் சொல்லிக்கொடுத்தவரின் பெயரைப் புத்தகத்தில் பதித்தவரும் அவரே. அந்த நேர்மை இல்லாவிட்டால் பத்மநாபருக்காக இன்று வாதாடக்கூட வழியிருக்காது. பெயரை நழுவவிட்டது பின்னால் வந்தவர்கள்.

நூல் 1663இல் ஜெர்மனிலும் 1670இல் பிரெஞ்சிலும் வந்தது. அந்த ஜெர்மன் நூலிலிருந்து எடுத்த வாசகங்களைத்தான் ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்டர் 1792இல் கவிதையாக்கினார். அவருக்கும் சமஸ்கிருதம் தெரியாது. அதற்காக அவர் பெயரை யாரும் அட்டையிலிருந்து எடுத்துவிடவில்லை.