வழக்குச் சொத்தும் அதன் காப்பும்

நம் நாட்டின் போலீஸ் நிலையங்கள் பலவற்றின் முற்றத்தில், துருவேறிச் செடிகொடிகள் படர்ந்து கிடக்கும் மோட்டார் வண்டிகளை யாவரும் கண்டிருப்பர். அவை கேட்பாரற்ற பொருள்கள் அல்ல. ஏதேனும் ஒரு வழக்கின் பொருட்டுக் கைப்பற்றப்பட்டு, நீதிமன்றத்தின் ஆணையை எதிர்நோக்கி நிற்பவை. வெளியே நிற்பவை நம் கண்ணிற் படுகின்றன. உள்ளே, பூட்டிய அறையொன்றில், இரத்தக்கறை படிந்த ஆடைகள், கத்திகள், துப்பாக்கிகள், நகைகள், போதைப் பொருள்கள், கைப்பேசிகள் முதலியன அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. வட இந்தியாவில் இவ்வறையை ‘மால்கானா’ என வழங்குவர். ஒரு மனிதன் சிறை செல்வதும் விடுதலை பெறுவதும் சில வேளைகளில் இவ்வறையிலுள்ள ஒரு சிறு பொட்டலத்தின் நிலையைப் பொறுத்தனவாகும்.

கைமாறும் வரலாறு

ஒரு பொருளைச் சான்றாக முன்வைப்போர் இரண்டு செய்திகளை மெய்ப்பித்தல் வேண்டும். முதலாவது, அப்பொருள் குறிப்பிட்ட இடத்தில் கிடைத்தது என்பது. இரண்டாவது, அன்று முதல் அது மாற்றப்படவோ கலப்படம் பெறவோ இல்லை என்பது. முதலாவதற்காகவே சாட்சிகளின் முன்னிலையில் மகஜர் எழுதப்படுகின்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்தல் வேண்டும் எனவும் விதித்துள்ளது.

இரண்டாவது சற்றுக் கடினமானது. பொருளை உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, வழக்கு எண்ணைக் குறித்து, நிலையத்தின் சொத்துப் பதிவேட்டில் பதிகின்றனர். அதன்பின் அது எவர் கையிலிருந்து எவர் கைக்கு, எந்நாளில், எக்காரணத்திற்காகச் சென்றது என்பதற்கு எழுத்து மூலமான குறிப்பு இருத்தல் வேண்டும். முத்திரையின் மாதிரி ஒன்றும் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பப்படுகின்றது. அங்குள்ளோர் உறையைத் திறக்குமுன் இரண்டையும் ஒப்புநோக்குவர். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஐயம் பிறக்கும். ஐயத்தின் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவரைச் சாரும். விஞ்ஞானி எவ்வளவு நுட்பமாக ஆராய்ந்திருப்பினும், அறுந்த கண்ணியை அவரால் இணைத்தல் இயலாது.

பொருளுக்கேற்ற உறை

எல்லாப் பொருளையும் ஒரே வகையான உறையில் இடுவது பெருந்தவறு. ஈரமான இரத்தக்கறையுள்ள துணியைப் பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டிவிட்டால், ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். அவை டி.என்.ஏ. மூலக்கூற்றைத் துண்டு துண்டாகச் சிதைத்துவிடும். ஆகவே துணியை நிழலில், காற்றில் நன்கு உலர்த்தித் தாளுறையில் இடுதல் வேண்டும். வெயிலில் உலர்த்துதலும் ஆகாது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அம்மூலக்கூற்றைச் சேதப்படுத்தும்.

தீவைப்பு வழக்கில் கிடைக்கும் பெட்ரோல் தோய்ந்த துணிக்கோ இதற்கு நேர்மாறான விதி பொருந்தும். அதனைத் தாளுறையில் இட்டால் பெட்ரோல் ஆவியாகி மறைந்துவிடும். பரிசோதனைச் சாலையை வெறும் துணியே சென்றடையும். ஆதலின் காற்றுப் புகாத கலத்தில் அதனை அடைத்தல் அவசியம்.

நஞ்சுண்டதாக ஐயுறப்படும் உடலின் உள்ளுறுப்புகள், இரசாயனப் பரிசோதனைக்கெனப் பெரும்பாலும் செறிவுற்ற உப்புக் கரைசலில் வைக்கப்படுகின்றன. திசுக்களை நுண்பெருக்கியால் ஆராய்வதற்குரிய பகுதியை மட்டுமே பார்மலினில் இடுவர். கலங்கள் மாறிப்போனால் நஞ்சைக் கண்டறிவது அரிதாகிவிடும். இத்துறையில் நம் நாட்டின் அனுபவம் பழமையானது. இரசாயனப் பரிசோதகரின் சாலை சென்னையில் 1849-ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது.

கைப்பேசி முதலிய மின்னணுச் சாதனங்களுக்கும் தனிக் காப்பு உண்டு. இயங்கும் கைப்பேசிக்குத் தொலைவிலிருந்தே கட்டளை அனுப்பி அதிலுள்ளவற்றை அழித்தல் கூடும். எனவே வானொலி அலைகள் புகாத உறையில் அதனை இடுகின்றனர். நகலெடுத்த தரவிலிருந்து கணித முறைப்படி ஓர் அடையாள எண் பெறப்படுகின்றது. பின்னர் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் வேறுபட்டு, மாற்றத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

குவியலின் தீங்கு

நன்கு காத்தல் எத்துணை இன்றியமையாததோ, காலத்தில் அகற்றுதலும் அத்துணை இன்றியமையாதது. கைப்பற்றி வைத்திருந்த கஞ்சாவை எலிகள் தின்றுவிட்டன என்று வட இந்திய நகரொன்றின் போலீசார் 2022-ல் நீதிமன்றத்தில் கூறியது பலருக்கு நகைப்பை விளைத்தது. எனினும் 2025 நவம்பரில் ஸ்ரீநகரை அடுத்த நவ்காம் போலீஸ் நிலையத்தில் நிகழ்ந்தது நகைப்புக்குரியதன்று. அங்கு வைக்கப்பட்டிருந்த வெடிபொருளிலிருந்து மாதிரி எடுக்கும் வேளையில் அது தற்செயலாக வெடித்து 9 பேர் மாண்டனர். பொருள்களைக் காக்கும் பணி ஆபத்தில்லாத எழுத்து வேலையன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

வாகனங்களை நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைப்பதாற் பயனில்லை என்றும், நிழற்படமும் உறுதிப்பத்திரமும் பெற்றுக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2002-ல் அறிவுறுத்தியது. போதைப் பொருள்களை மாஜிஸ்டிரேட்டின் முன் மாதிரி எடுத்தபின், வழக்கு முடியுமுன்னரே அழிப்பதற்கு 1989-ல் சட்டத்தில் வழி செய்யப்பட்டது. புதிய சன்ஹிதாவின்படி, பொருள் முன்வைக்கப்பட்ட 14 நாள்களுக்குள் நீதிமன்றம் அதன் விவர அறிக்கையைத் தயாரித்தல் வேண்டும். நிழற்படமும் எடுக்கச் செய்தல் வேண்டும். அதன்பின் 30 நாள்களுக்குள் பொருளை ஒப்படைக்கவோ அழிக்கவோ பறிமுதல் செய்யவோ ஆணையிடுதல் வேண்டும். இவ்விதிகள் வழுவாது கடைப்பிடிக்கப்பட்டால், மால்கானாவின் பெருஞ்சுமை குறையும். காக்க வேண்டியவற்றைக் காக்க இடமும் கிட்டும்.

காக்க வேண்டியவை எவை?

சில பொருள்களுக்கு நிழற்படம் ஈடாகாது. இரத்தம் முதலிய உடற்கறைகள் அத்தகையன. அமெரிக்காவில் 1979-ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்ட ஒருவர், பத்தாண்டுகள் கழித்து, 1989-ல் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். 1977-ல் சேகரித்த ஆடையிலிருந்த கறையை டி.என்.ஏ. முறையில் ஆராய்ந்ததே அதற்கு வழிகோலியது. அவ்வாடை கைப்பற்றப்பட்ட காலத்தில் அம்முறை உலகிற் பிறக்கவேயில்லை. அலெக் ஜெப்ரிஸ் அதனைக் கண்டது 1984-ல்தான். கறை அழியாதிருந்தமையால் விஞ்ஞானம் வந்தடைந்தபோது அதற்கு வேலை இருந்தது.

உறையில் வழக்கு எண்ணைப் பிழையின்றி எழுதி, முத்திரையைச் சரிபார்த்து, அலமாரியில் உரிய இடத்தில் வைக்கும் நிலைய எழுத்தர், தாம் இன்று காப்பது என்றோ ஒரு நாள் எவருக்குத் துணையாகும் என்பதை அறியார். அறியாமலே அவர் ஆற்றும் அப்பணியின் மீதுதான் நீதிமன்றமும் பரிசோதனைச் சாலையும் நிற்கின்றன.