சராசரியின் குரல்

1967இல் தூரின் நகரில் ஆற்றிய உரையொன்றில் இதாலோ கால்வினோ எழுதும் எந்திரம் பற்றிப் பேசினார். மரபான பிரதிகளை ஓயாமல் உற்பத்தி செய்யும் எந்திரம், ஒரு கட்டத்தில் தன் ஒழுங்கில் தானே அலுத்துப்போய் ஒழுங்கின்மையைத் தேடும் என்பது அவரது யூகம். நடந்ததென்னவோ தலைகீழ். 2020இல் வந்த ஜிபிடி-3 தடம் மாறும், உளறும். அந்த உளறலில் ஒரு பித்து இருந்தது. 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடியோ கைகட்டி நிற்கும் குமாஸ்தா.

இடையில் நடந்தது என்ன? அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்குப் போட்டு ஒவ்வொன்றாக அடுக்குவதுதான் இந்த எந்திரத்தின் வேலை. அதோடு விடவில்லை. கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் அதன் பதில்களைத் தரம்பிரித்து, எது ‘நல்ல’ பதில் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினார்கள். (பத்திரிகை ஆசிரியர் செய்யறதும் அதுதானே என்று சிரித்தார் நண்பரொருவர்.) யாரையும் உறுத்தாததே நல்லது என்றாகிவிட்டது. 2023இல் வந்த ஆய்வொன்று இதைக் காட்டியது: இப்படிப் பழக்கப்படாத மாதிரியின் துணையோடு எழுதப்பட்ட கட்டுரைகளில் பன்மை குறையவில்லை, பழக்கப்பட்டதன் துணையோடு எழுதப்பட்டவை ஒன்றுபோல் ஒன்று ஆயின.

அனில் தோஷியும் ஆலிவர் ஹவுசரும் 2024இல் வெளியிட்ட சோதனையில் சுமார் 300 பேர் எட்டு வாக்கியக் கதைகள் எழுதினார்கள். எந்திரத்திடம் யோசனை வாங்கி எழுதப்பட்டவற்றை வாசகர்கள் மேலானவை என்றார்கள். ஆனால் மொத்தமாக வைத்துப் பார்த்தால் ஒன்றின் சாயல் இன்னொன்றில். தனியாளுக்கு லாபம், கூட்டத்துக்கு நஷ்டம். சந்தையின் இந்தத் தர்க்கம் நமக்குப் புதுசா என்ன? ஜிபிடி-3க்கு ஊட்டப்பட்ட எழுத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஆங்கிலம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இது யாருடைய சராசரி என்றும் கேட்டாக வேண்டும்.

அதற்காக எந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆதிக்கச் சொல்லாடல் எது என்று கண்டுகொள்ள இதைவிடத் தோதான கருவி கிடையாது. துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் மனைவி பற்றிய கதைக்கு 20 தொடக்கங்கள் கேட்டுப் பார்த்தேன். விடியற்காலை, துடைப்பம், பெருமூச்சு, கடைசியில் ஒரு நம்பிக்கைக் கீற்று. பாதிக்கு மேல் இதுதான். அவளுக்குக் கோபம் வரலாம், பொய் சொல்லலாம், சினிமா பிடிக்கலாம் என்பது ஒன்றில்கூட இல்லை. அந்தப் பட்டியலை எழுதக்கூடாதவற்றின் பட்டியலாக வாசிக்கலாம். அதையே எந்திரத்திடம் திருப்பிக் கொடுத்து, இவையெல்லாம் விலக்கு, இப்போது சொல் என்று நெருக்கினால் கொஞ்சம் திணறுகிறது. அந்தத் திணறலில்தான் சில சமயம் ஏதாவது தேறுகிறது. வார்ட்டன் ஆய்வாளர்கள் 2024இல் கண்டதும் இதற்குப் பக்கத்தில் வருவதுதான்: முதலில் பட்டியல் போடு, பிறகு அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலகும்படி மாற்று என்று படிப்படியாகச் சொன்னால் யோசனைகளின் பன்மை கூடுகிறது.

இயக்கத் தோழர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நம் துண்டறிக்கையைக் கொடுத்து, இதை மறுக்கும் நிலவுடைமையாளராக, சலித்து விலகிய பழைய தோழராக, நம் பாஷையே புரியாத 18 வயதுப் பெண்ணாக நின்று பேசு என்றால் பேசுகிறது. நம் வாதத்தின் ஓட்டைகள் தெரிகின்றன. ஆனா ஒண்ணு. பேசுவது அந்தப் பெண் அல்ல. அவள் இப்படித்தான் பேசுவாள் என்று எழுதிவைத்திருப்பவர்களின் கூட்டுக்குரல். அவளைத் தேடிப்போகிற வேலை அப்படியே பாக்கி.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இப்போது ஒரு ஏற்பாடு இருக்கிறது. அவரவர் யோசனையை முதலில் காகிதத்தில் எழுதிவிட வேண்டும். எந்திரத்தின் பட்டியலைக் கடைசியில்தான் பிரிக்கிறோம். அதில் இருப்பது நம் காகிதத்திலும் இருந்தால் அடித்துவிடுகிறோம். சென்ற கூட்டத்தில் அடிபடாமல் நின்றது கொஞ்சம்தான். அதில் இரண்டைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை.