ஆறு தட்டலில் வணக்கம்

பொத்தான் வைத்த கைப்பேசிக் காலத்தில் ‘வணக்கம்’ சொல்ல வேண்டுமானால் ஆங்கில எழுத்துகளில்தான் அடிப்போம். ‘வி’க்கு எட்டாம் எண்ணை மூன்று முறை, ‘என்’னுக்கு ஆறாம் எண்ணை இரண்டு முறை என்று மொத்தம் 13 அழுத்தல்கள். நடுவில் ‘கே’ இரட்டையாக வரும். இரண்டும் ஒரே பொத்தானில் இருப்பதால் முதலாவது திரையில் நிலைக்கும்வரை விரல் காத்திருக்க வேண்டும். 2005இல் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய கைப்பேசித் தமிழ்ச் செயலி ‘செல்லினம்’ சிங்கப்பூரில் அறிமுகமானது. தமிழை அப்படியே அனுப்ப முடிந்ததே அன்று பெரிய காரியம். ஆங்கிலக் குறுஞ்செய்தி 160 குறிகள் கொள்ளும். யூனிகோடுத் தமிழுக்கு 70தான். அதிலும் ‘கா’ என்ற ஓரெழுத்துக்கே இரண்டு இடம் போய்விடும்.

தொடுதிரையில் விசைப்பலகை வெறும் படம். எப்படி வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம். விரலை எடுக்காமல் எழுத்துக்கு எழுத்து இழுத்துச் சொல்லை முடிக்கும் வழியும் பிறந்தது. எண்பலகைக்குச் சொல்லை ஊகிக்கும் டி9 முறையைத் தந்தவர்களில் ஒருவரான கிளிஃப் குஷ்லருக்கு, 2009இல் சாம்சங் கைப்பேசியில் வந்த இழுத்தெழுதும் ‘ஸ்வைப்’பிலும் பங்குண்டு. 2017இல் கூகுள் தமிழ்க் குரலையும் எழுத்தாக்கத் தொடங்கியது. விசைகளைத் தேடித் தேடி அடிக்கத் தயங்கும் பெரியவர்களுக்கு அது வரம். ஆனால் நெரிசல் பேருந்தில் வீட்டு விஷயத்தை உரக்கச் சொல்ல முடியுமா? மேலும், வாயில் வருவது பேச்சுத் தமிழ். கட்டுரையோ விண்ணப்பமோ எழுத வேண்டுமானால் திருத்துவதிலேயே நேரம் கரையும்.

இத்தனை வந்த பிறகும் நம்மில் பலர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, கைப்பேசி நீட்டும் பட்டியலில் சொல்லைப் பொறுக்குகிறோம். ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே ஆங்கில எழுத்தை அடித்துவிட்டு, பலமா பழமா என்று தேடுகிறோம். விரல் வேகமாகத்தான் ஓடுகிறது. சொல்லுக்குச் சொல் கண் நின்று பார்ப்பதில்தான் நேரம் போகிறது. எழுத வந்த எண்ணமும் அங்கே அறுபடுகிறது.

இதற்கு விடை தொடுதிரைக்கு முன்பே இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். க, ஆ என்று தட்டினால் கா. க-வை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெற்று ‘க்க’ ஆகும். ந-வுக்குப் பின் த வந்தால் ‘ந்த’. நம் சொற்களில் எந்த மெய்க்குப் பின் எது வரும் என்பதை அறிந்து வகுத்த அமைப்பு. வ, ண, க, க, ம, புள்ளி: ஆறு தட்டலில் வணக்கம் முடிந்தது. ஆங்கில எழுத்தில் எட்டு, அதற்குமேல் பட்டியல் வேறு.

கணிப்பொறிக்கென்று வகுத்ததைக் குறுகிய திரையில் அடுக்கும்போது விசைகள் நெருக்கமாகத்தான் அமையும். தொடக்கத்தில் எழுத்தைத் தேடி விரல் தடுமாறும். இடம் பழகிவிட்டால் சொல்லைப் பட்டியலில் தேடும் வேலையே இல்லை.

ஐபோனில் 2013 முதல் தமிழ்99 கூடவே வருகிறது. ஆண்ட்ராய்டில் செல்லினத்தை நிறுவினால் கிடைக்கும். ஒரு மாதம் அதிலேயே எழுதிப் பாருங்கள். பிள்ளைகளின் கையில் முதல் கைப்பேசியைக் கொடுக்கும்போதும் அதை நிறுவியே கொடுங்கள்.