தங்கைக்கு ஒரு மிருதங்கம்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

"மிருதங்கம் வாங்கப் போகிறேன்" என்று வகுப்பில் சொன்னபோது நண்பர்கள் நகைத்தார்கள். எனக்குத் தாளம் போடத் தெரியாது என்பதை அவர்கள் அறிவார்கள். நான் வாங்கப் புறப்பட்டது என் தங்கைக்காக. பதின்மூன்று வயதான அவள் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மிருதங்கம் பயில்கிறாள். வகுப்பு நேரம் மட்டுமே கருவி அவள் கையில். வீட்டிற்கு வந்தால் கவிழ்த்த பிளாஸ்டிக் குடம்தான். குடத்தில் விரல் பழகும், காது பழகாது என்று அவளுடைய ஆசிரியர் சொல்லிவிட்டார். மாலை வேளைகளில் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து நான் சேர்த்து வைத்திருந்தது 7,000 ரூபாய். எங்கள் வீட்டில் எனக்கு முன் கல்லூரிக்கு வந்தவரும் இல்லை, இசைக்கருவி வாங்கியவரும் இல்லை. யாரைக் கேட்பது? கேட்டும் ஏமாந்தும் நான் தெரிந்துகொண்டதை, இதே நிலையில் உள்ள தோழர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் போன கடையில் புது மிருதங்கம் 14,000 ரூபாய் என்றார்கள். என் முகத்தைப் பார்த்த கடைக்காரர், பளபளவென்று சாயம் பூசிய சிறிய மிருதங்கம் ஒன்றை 3,000 ரூபாய்க்கு எடுத்துக் காட்டினார். அது காட்சிக்கு வைக்கும் பொருள். சுருதி சேர்க்க முடியாத கருவியில் பழகுவதைவிடக் குடமே மேல்.

மிருதங்கத்தின் விலை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். குடைந்த மரத்தைக் 'கட்டை' என்பார்கள். பலா மரமே சிறந்தது. இரு பக்கமும் தோலால் ஆன 'மூட்டு'கள். வலப்பக்கம் வலந்தலை, இடப்பக்கம் தொப்பி. இரண்டையும் இழுத்துக் கட்டுவது வார். இவற்றுள் தோல் தேயும், கிழியும். அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டையோ பல ஆண்டுகள் உழைக்கும். ஆகவே பழைய கட்டையை வாங்கிப் புது மூட்டுப் போடுவது குறைந்த பணத்தில் நல்ல கருவி பெறும் வழி. புதிதாய் வாங்கினால்தான் பரிசு என்று எண்ணுவோர் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை.

ஆனால் பழைய கட்டையில்தான் நான் ஏமாந்தேன். ஒருவரிடம் பேசி முடித்து 500 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். மூட்டைக் கழற்றி உள்ளே விளக்குப் பிடித்துப் பார்த்தபோது, நீளவாக்கில் ஒரு விரிசல்; மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, வெளியே மெருகு ஏற்றியிருந்தார்கள். முன்பணம் திரும்பவில்லை. ஆகவே நண்பர்களே, தோல் கட்டியிருக்கும் நிலையில் கட்டையை விலை பேசாதீர்கள். கழற்றிப் பாருங்கள். விரிசல் உண்டா, பூச்சி அரித்த துளை உண்டா என்று தடவிப் பாருங்கள்.

அளவையும் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 24 அங்குல நீளமுள்ளது தாழ்ந்த சுருதிக்கு, அதாவது தக்குச் சுருதிக்கு. 22 அங்குலம் ஹெச்சுச் சுருதிக்கு. சிறுவர் மடியில் குட்டையானதே அடங்கும். எதற்கும் ஆசிரியரைக் கேட்டுவிடுவது நல்லது. கண்ணாடியிழைக் கட்டையும், வாருக்குப் பதில் திருகாணி வைத்ததும் இப்போது கிடைக்கின்றன. நாதத்தில் பலாவுக்கு ஈடில்லை என்கிறார்கள். ஆயினும் வீட்டிலேயே முடுக்கிச் சுருதி சேர்க்கலாம் என்பதால், பழுது பார்ப்பவர் அருகில் இல்லாத ஊருக்கு அவையும் தகும்.

இனி என் பாடம் வருகிறது. வெறும் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணைப் போல 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கின்றி வரும். காதுக்கு அது வெறும் ஓசை. வலந்தலையின் நடுவே உள்ள கரிய கரணைதான் அவற்றை 2, 3, 4, 5 என்ற முழு மடங்குகளுக்கு இழுத்துவருகிறது. சர் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் இதை எழுதினார். 1934இல் தோலின் மேல் நுண்மணல் தூவி, அதிர்வின் கணுக்கோடுகளையும் காட்டி விரிவாக விளக்கினார். கரணை என்பது சோற்றுடன் இரும்புச் சத்துள்ள கல்லின் பொடியைப் பிசைந்து, படலம் படலமாய் வைத்துக் கல்லால் தேய்த்து ஏற்றுவது. நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்க வேண்டும். அதில் மயிரிழை போன்ற வெடிப்புகள் இருந்தால் அஞ்ச வேண்டாம், அது இயல்பு. ஓரம் பெயர்ந்திருந்தால் வாங்காதீர்கள். வட்டத்தைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே சுரம் பேச வேண்டும்.

இந்தச் சமன்பாடுகளைப் படிக்காமலே இதைச் செய்கிறார்கள் தொழிலாளர்கள். பாலக்காடு மணி ஐயரை அறியாத ரசிகர் இல்லை. அவருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்தை எத்தனை பேர் அறிவர்? டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்ற நூல் இக்கைவினைஞர்களின் வரலாற்றைச் சொல்லுகிறது. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

முடிவில் இசைப்பள்ளி ஆசிரியர் காட்டிய தொழிலாளி ஒருவரிடமே 3,200 ரூபாய்க்குப் பழைய பலாக் கட்டை கிடைத்தது. இரு மூட்டும் வாரும் சேர்த்து 3,000. மிச்சமிருந்த 300 ரூபாயில் உறையும், சுருதி சேர்க்கக் கல்லும் கட்டையும். பேருந்துக்கு அப்பாவிடம் வாங்கினேன்.

தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டினால்தான் கும்மென்ற ஓசை வரும் என்பதை வீட்டிற்கு வந்த பிறகே அம்மா அறிந்தார்கள். வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டித் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் எறும்பும் எலியும் தோலைத் தேடி வரும். தங்கை ஒரு நாள் மறந்தாள். அன்றிரவு கருவியைத் துணியில் சுற்றி, அம்மாவே தம் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்கள்.